சாமிக்கும் ஆகாத கோழி

எங்கள் வீட்டில் ஒரு கோழி இருந்தது. அதைச் சாமிக்கும் அறுக்க முடியாது, நாங்களும் குழம்பு வைக்க முடியாது. விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. லுணுகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இப்படி ஒரு கோழியை அதற்கு முன்னால் யாரும் கண்டதில்லை. போதாததற்கு அதற்கு இரண்டு கண்ணும் தெரியாது.

இந்தச் சிக்கலை உண்டாக்கியவள் அம்மாதான். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவாயிற்று. கொழுந்து பறித்து வருகிற சம்பளத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் காலம் ஓடியது. மழை பெய்தால், வரிசை வீடுகளாகக் கட்டிய எங்கள் லயத்துக் காம்பராவுக்குள் ஒழுகும் இடத்துக்கெல்லாம் வைக்கப் பாத்திரம் பற்றாது. எங்கள் பக்கத்தில் யாராவது வெளிநாட்டுக்குக் கிளம்புவதாக இருந்தால் முனியாண்டிக்கு ஒரு சேவலை நேர்ந்துவிடுவார்கள். போனவர் நல்லபடியாகத் திரும்பி வந்ததும் அந்தச் சேவலை அறுத்துப் படையல் போட வேண்டும். அதுவரைக்கும் அது சாமியின் சொத்து. யாரும் கை வைக்கக் கூடாது.

அம்மா வீட்டுக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்த குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கொண்டை சற்றுத் தூக்கலாக, நடையில் மிடுக்கோடு திரிந்த ஒன்றைப் பிடித்தாள். இது சேவல்தான் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, காலில் மஞ்சள் துணி கட்டி, முனியாண்டி இருக்கிற மலைப்பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். அம்மா போவதற்காகக் கும்பிடுகிறோமா, வருவதற்காகக் கும்பிடுகிறோமா என்று எனக்குத் தெரியவில்லை.

பாஸ்போட்டுக்கும் மெடிக்கலுக்கும் என்று அம்மாவும் அப்பாவும் பதுளைக்கும் வீட்டுக்குமாக நடையாய் நடந்தார்கள். ஒரு கடதாசி வந்தால் இன்னொன்று வராது. இந்த இழுபறிக்குள் குஞ்சு வளர்ந்துவிட்டது. ஒரு நாள் காலையில் அடுத்த காம்பராவில் குடியிருந்த அத்தை, அப்பாவின் தங்கை, விறகு எடுக்கப் போனவள் எதையோ முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து அம்மா முன்னால் நீட்டினாள்.

"அண்ணி, ஒங்க சேவல் முட்டை போட்டிருக்கு."

அன்றைக்கு லயமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், ஆனால் முகம் வாடிவிட்டது. முனியாண்டிக்குச் சேவல்தான் ஆகும். பெட்டையைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன நினைப்பார்? சரி, பூசாரியிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தபோது அடுத்த அடியும் விழுந்தது. அந்த வருடம் தோட்டத்துக் கோழிகளுக்கெல்லாம் அம்மை வந்தது. எங்கள் கோழிகளில் பாதி செத்துப்போயின. சாமிக்கோழிக்குக் கண்ணைச் சுற்றிப் பொருக்குப் பொருக்காகக் கட்டி, இமை ஒட்டிக்கொண்டது. அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவினாள். மடியில் வைத்துக்கொண்டு, விரலில் கஞ்சி தொட்டு அலகில் வைத்தாள். பொருக்கெல்லாம் உதிர்ந்து கோழி பிழைத்தது. பார்வை பிழைக்கவில்லை.

பூசாரி வந்து பார்த்தார். அவர் பகலில் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்பவர். சாமி விசயம் என்றால் மட்டும் குரல் மாறிவிடும். கோழியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"என்ன தாயி இது? முனியாண்டிக்கு நேந்ததுல மாரியாத்தா கை வச்சிட்டா. ஊனமானத சாமிக்குக் குடுக்கக் கூடாது. நேந்துவிட்டத மனுசன் திங்கக் கூடாது. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ திரும்பி வந்து வேற சேவல் குடுத்துக்க."

அப்படித்தான் அந்தக் கோழி யாருக்கும் இல்லாமல் ஆனது. நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சாமியும் வேண்டாம் என்றுவிட்டார், பெரியவர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள், அப்படியானால் இது எனக்குத்தானே என்று உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோசம்.

கண் தெரியாத கோழியோடு குடும்பம் நடத்துவது சாதாரண வேலை இல்லை. தீனி போட்டால் மற்றக் கோழிகள் பாய்ந்து வந்து கொத்திக்கொண்டு போய்விடும். இது சத்தம் வந்த பக்கமாக ஓடி, சுவரில் முட்டி நிற்கும். சாயங்காலம் எல்லாம் கூட்டுக்குள் போன பிறகும் இது வெளியில் வாழை மரத்தடியில் நின்று யோசித்துக்கொண்டிருக்கும். அம்மா அதற்கென்று தனியாக ஒரு கூப்பாடு வைத்திருந்தாள். பா, பா, பா என்று மூன்று தடவை. முதல் பா யாரையோ விசாரிப்பதுபோல வரும். இரண்டாவது சட்டென்று முடியும். மூன்றாவதை மட்டும் மூக்கால் இழுத்து, இழுத்து, கீழே இறக்குவாள். எந்த மூலையில் நின்றாலும் அந்த மூன்றாவது பா முடிவதற்குள் கோழி அவள் காலடிக்கு வந்து சேர்ந்துவிடும். வழியில் கல் கிடந்தாலும் தண்ணீர் வாளி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. விழுந்து எழும்பியாவது வந்துவிடும்.

அம்மா போகிற நாள் விடிகாலையில் கோழிக்கும் தீனி போட்டாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நான் வர்ற வரைக்கும் இதப் பாத்துக்க புள்ள" என்றாள். பொறுப்பான ஒரு வேலையைக் கொடுத்தால் மகள் அழாமல் இருப்பாள் என்று நினைத்திருப்பாள். நான் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டேன். கோழி இருக்கிறவரைக்கும் அம்மா வருவாள். கோழிக்கு ஏதாவது ஆகிவிட்டால் வரமாட்டாள். யாரும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. பஸ் திருப்பத்தில் மறைந்ததும் வீட்டுக்கு ஓடிவந்து கோழியைத்தான் முதலில் பார்த்தேன்.

அம்மா போன பிறகு அது தீனிக்கு வருவதை நிறுத்திவிட்டது. நான் கூப்பிட்டாலும் அத்தை கூப்பிட்டாலும் கழுத்தைச் சாய்த்துக் கேட்கும். யாரோ என்று மறுபடி சுருண்டுகொள்ளும். அலகைப் பிடித்துக் கிண்ணத்துக்குள் அமுக்கினால் நாலு கொத்துக் கொத்தும். அதுவும் எனக்காகச் செய்வதுபோல. "அடி ஆத்தி, மகாராணிக்கு ஊட்டிவிடணுமோ?" என்று அத்தை நொடிப்பாள். ஆனால் ரொட்டி சுட்டால் ஓரத்தைப் பிய்த்துக் கோழிக்கென்று எடுத்து வைப்பவளும் அவள்தான்.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் போனில் கோல் எடுப்பாள். அவள் வேலை செய்த வீட்டுக்காரர்கள் அன்றைக்கு எங்காவது வெளியே போவார்களாம். எங்கள் லயத்தில் கவரேஜ் கிடையாது. லயத்துக்கு மேலே தேயிலைக்கு நடுவில் ஒரு பெரிய பாறை இருந்தது. அதன்மேல் ஏறி நின்றால் மட்டும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அப்பா பட்டன் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் போவார். கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன். பார்க்கிறவர்கள், "என்ன, கோழிக்கும் குவைத்துக்கு விசா வந்துட்டுதா?" என்று கேட்பார்கள்.

கோழியைக் கொண்டுபோவது என்னுடைய யோசனை. அப்பா முதலில் ஏசினார், பிறகு விட்டுவிட்டார். போனை லௌட்ஸ்பீக்கரில் போட்டுப் பாறைமேல் வைத்துவிட்டு, அதற்கு முன்னால் கொஞ்சம் குருணையும் தூவிவிட்டு, "அம்மா, கூப்பிடுங்க!" என்று கத்துவேன். அங்கிருந்து அம்மா பா, பா, பா என்று கூப்பிடுவாள். கோழி தலையைத் தூக்கும். உடம்பெல்லாம் ஒரு தடவை சிலிர்க்கும். பிறகு குடுகுடு என்று போனை நோக்கி நடக்கும். அங்கே வந்து நின்றுகொண்டு வயிறு முட்டத் தின்னும். ஒரு தடவை போனையும் சேர்த்துக் கொத்தி, சிவப்புப் பொத்தானில் சரியாக ஒரு போடு போட்டுக் கோலைக் கட் பண்ணிவிட்டது. அம்மா மறுபடி எடுக்கும்வரை அப்பா என்னோடும் பேசவில்லை, கோழியோடும் பேசவில்லை.

அம்மா பேசக்கூடிய நேரம் கொஞ்சம்தான். அதில் பாதியைக் கோழியே எடுத்துக்கொள்ளும். "சாப்பிட்டியா புள்ள? எளச்சிட்டியா?" என்று அவள் என்னைக் கேட்பாள். நான் "சாப்பிட்டேன்மா, கோழியக் கூப்பிடுங்க" என்பேன். அவளும் கூப்பிடுவாள். எவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு, யாருடைய வீட்டு மூலையில் ஒளிந்து நின்றுகொண்டு, ஒரு கோழிக்குத் தீனி போடும் குரலை அவள் எடுத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் இப்போதுதான் யோசிக்கிறேன். நான் இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அம்மா அதே லயத்தில்தான் இருக்கிறாள். அவள் திரும்பி வந்தபோது லுணுகலையில் வாங்கின ஒரு சேவலால் முனியாண்டிக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. அதற்குள் எங்கள் கோழி வயதாகி, மழைக்காலம் ஒன்றில் கூட்டுக்குள்ளேயே தூங்கினபடி போய்விட்டிருந்தது. அம்மா வர நான்கு வருடங்களுக்கு மேலாயிற்று. பேருந்தில் இருந்து இறங்கியவள் என்னைத் தாண்டிப் போய், என்னைத் தேடினாள். நான் அவ்வளவு வளர்ந்திருந்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு வெகு முன்னால் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கோல் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. அப்பா எடுத்துப் பார்த்தால் யாரோ ஒரு பெண் வேற்றுப் பாசையில் எதையோ சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். "கவரேஜ் கோளாறா இருக்கும்" என்றார் அப்பா. அப்படிச் சொன்னாரே ஒழிய, ஒரு நாள் வேலைக்குப் போகாமல் பதுளைக்குப் போய், அம்மாவை அனுப்பிய ஏஜென்சிக்காரரைப் பார்த்துவிட்டு, முகம் கறுத்துத் திரும்பி வந்தார். அத்தை அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு என்னைத் தன் காம்பராவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் பாறைக்குப் போவதை மட்டும் விடவில்லை. போனை நடுவில் வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருப்போம். பனி இறங்கித் தேயிலையை மூடும். கோழி என் மடியில் இருந்தபடி போன் பக்கமே கழுத்தைச் சாய்த்துக்கொண்டிருக்கும். இருட்டப்போகும் நேரத்தில் அப்பா, "வா, போவோம்" என்பார். எனக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. அழுதால் அப்பாவும் அழுதுவிடுவார் என்ற பயத்தில் கோழியின் இறகுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இறங்கி வருவேன்.

கோழி மெலிந்துகொண்டே வந்தது. அலகைப் பிடித்து அமுக்கினாலும் இப்போது கொத்துவதில்லை. நெஞ்செலும்பு கையில் குத்தியது. ஒரு சாயங்காலம் அதை நிறுத்திப் பார்த்தால் நிற்க மாட்டேன் என்றது. கால்களை மடக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது. கோழி போய்விட்டால் அம்மா வரமாட்டாள். இதை யாரிடம் சொல்வது? நான் அதன் முன்னால் குந்தி, பா, பா, பா என்று கூப்பிட்டேன். அது என்னுடைய குரல், கோழி அசையவில்லை. அம்மா எப்படிக் கூப்பிடுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அம்மா என்னைக் கூப்பிடுகிற குரல் எனக்கு மறந்துபோயிருந்தது. எவ்வளவு முயன்றும் வரவில்லை. அவளுடைய குரலில் எனக்கு மிச்சமிருந்தது கோழியைக் கூப்பிட்டதுதான்.

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டேன். மோவாயை நெஞ்சோடு சேர்த்து, குரலைத் தடிப்பாக்கி, முதலாவதை விசாரிப்பதுபோலச் சொன்னேன். இரண்டாவதைச் சட்டென்று நிறுத்தினேன். மூன்றாவதை மூக்கால் இழுத்து இறக்கினேன். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று தெரியாது, கோழி தலையைத் தூக்கியது. உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. தட்டுத்தடுமாறி எழும்பி என் காலடிக்கு வந்து, குருணையைக் கொத்தத் தொடங்கியது.

அதே நேரத்தில் அத்தை அவள் குசினியில் இருந்து கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். "அண்ணி வந்துட்டாங்களா? யாரு கூப்பிட்டது?" என்று நாலு பக்கமும் பார்த்தாள். நான் மட்டும் குந்தியிருப்பதைப் பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "ஏன்டி, வெளக்கு வைக்கிற நேரத்துல இப்படியா கூப்பிடுவ? உசுரே போயிட்டுது எனக்கு" என்று ஏசிக்கொண்டே கண்ணைத் துடைத்தபடி உள்ளே போனாள். அடுப்பில் ஏதாவது கருகிப் புகை பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அப்பா விறகு கொத்திக்கொண்டிருந்தவர் கோடரியைக் கீழே போட்டுவிட்டு நின்றார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ கூப்பிடு புள்ள."

"அதான் திங்கிதே அப்பா. இனிக் கூப்பிடத் தேவையில்ல."

"பரவால்ல. கூப்பிடு."

கூப்பிட்டேன். கோழி ஏற்கனவே என் காலடியில்தான் நின்றது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகும் ஒரு தடவை கூப்பிடச் சொன்னார். கோழிமேல் அப்பாவுக்கு இவ்வளவு பாசமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதன் பிறகு கோழி தேறிவிட்டது. காலையிலும் சாயங்காலமும் நான் அம்மாவின் குரலில் கூப்பிடுவேன், அது வரும். லயத்தில் பெண்கள் தண்ணீர்ப் பீலியில் குடத்தை வைத்துவிட்டு நிற்கும்போது, "அச்சு அசலா அவ கொரல்தான்" என்று சொல்வார்கள். எனக்குப் பெருமை தாங்காது. பள்ளிக்கூடத்தில்கூடக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் எதிர்பார்ப்பதை ஏறக்குறைய விட்டுவிட்ட பிறகு, பாறைமேல் போன் அடித்தது. அப்பா எடுத்த அவசரத்தில் அதைக் கீழே போடப் பார்த்தார். அம்மாதான். வேலை செய்த வீட்டுக்காரி போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாளாம்; இப்போது வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்களாம்; இங்கே பரவாயில்லையாம். அப்பா ஆமாம், ஆமாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பொறுக்க முடியாமல் நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அம்மாவுக்கு இனிக் கஷ்டம் கொடுக்கக் கூடாது என்றும், நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் எனக்கு அவசரம்.

"அம்மா, இனிமே நீங்க கோழியக் கூப்பிட வேணாம். நான் கூப்பிட்டாலே வருது."

"அப்பிடியா? எப்பிடிக் கூப்பிடுவ?"

போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு, என்னால் ஆன மட்டும் அம்மாவாகக் கூப்பிட்டேன். கோழி பாறை ஓரத்தில் இருந்து குடுகுடு என்று ஓடிவந்து என் காலில் முட்டிக்கொண்டது.

"கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு புள்ள. நான் வந்தா என்கிட்ட வருமா அது?" என்று கேட்டாள்.

நான் நன்றாக யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது.

"மொதல்ல வராதும்மா. கொஞ்ச நாளாகும். நான் பக்கத்துலயே இருந்து பழக்கிவிடுறேன்."

"நீ பழக்கிவிடுறியா?"

"ம்."

"விட்டுட்டுப் போயிட்டாளேன்னு கோவமா இருக்குமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோழிக்கெல்லாம் கோவம் வருமாம்மா? தீனி போட்டா வந்துரும்."

அம்மா அதற்குப் பிறகும் கோழியைப் பற்றியே கேட்டாள். குளிர் நாளில் யாரை அண்டிப் படுக்கிறது என்று கேட்டாள். யாராவது விரட்டினால் எங்கே போய் நிற்கிறது என்று கேட்டாள். ராத்திரியில் அழுகிறதா என்றும் கேட்டாள். கோழி எங்கேயாவது அழுமா? குவைத்துக்குப் போய் அம்மாவுக்குக் கோழி என்றால் என்னவென்றே மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.